ஓடி முடித்த குதிரைக்கு யார் புல் போடுவது?

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போனவர்களில் பலரும் ஒருமுறையாவது குதிரையில் ஏறியிருப்பார்கள். பிள்ளையை மேலே உட்கார வைத்து ஒரு சுற்று, ஒரு போட்டோ, முடிந்தது. அந்தக் குதிரைக்கு வயது என்ன, மழைக்காலத்தில் அது எங்கே நிற்கும், கால் நொண்டினால் என்ன ஆகும் என்று நாம் கேட்பதில்லை.

உழவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. ஏர் இழுத்த காளை தளர்ந்து போனால் என்ன செய்வது என்று நம் வீடுகளில் என்றாவது ஒரு நாள் பேச்சு வந்திருக்கும். சில வீடுகளில் கடைசிவரை வைத்துப் பார்த்தார்கள். பல வீடுகளில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு சந்தைக்கு ஓட்டினார்கள். குதிரைக்கு நம் பக்கம் அந்தச் சந்தைகூடக் கிடையாது. ஓடாத குதிரையை வாங்க ஆளில்லை. வைத்துத் தீனி போடவும் வழியில்லை. அவிழ்த்து விட்டுவிடுகிறார்கள். அது பேருந்து நிலையத்திலும் மார்க்கெட்டிலும் குப்பையைக் கிளறித் தின்று, வண்டியில் அடிபட்டு, எங்கேயாவது விழுகிறது.

2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நம் நாட்டில் குதிரையும் மட்டக்குதிரையும் சேர்த்து ஏறத்தாழ 6.25 லட்சம் இருந்தன. 2019 கணக்கெடுப்பில் அது 3.4 லட்சம். ஏழே வருடத்தில் கிட்டத்தட்ட பாதி குறைந்துவிட்டது. ஜட்கா வண்டி போய் ஆட்டோ வந்தது. மும்பையில் விக்டோரியா வண்டிகளை நிறுத்தச் சொல்லி 2015-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குதிரையை வதைக்கிற வேலை நின்றால் நல்லதுதான். ஆனால் வேலை போன குதிரைக்கு வயிறு போகவில்லையே!

நீலகிரியின் மழை மறைவுப் பக்கத்தில், மரமும் முள்ளுமாக இருக்கிற ஒரு நாலு ஏக்கரில், தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்துகிற காப்பகம் ஒன்று இருக்கிறது. ஒன்பது குதிரைகள், இரண்டு கழுதைகள். இரண்டு வருடமாக வாரம் ஒரு நாள் நானும் போய்வருகிறேன். என் காட்டில் அறுத்த புல்லைக் கொண்டுபோய்ப் போட ஆரம்பித்து, அப்படியே வேலையிலும் இறங்கிவிட்டேன். காப்பகத்தின் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். பெயர் தெரிந்தால் அடுத்த வாரமே வாசலில் நாலு குதிரையைக் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்பது அவர்கள் பயம். அந்தப் பயம் நியாயமானது என்பது போகப் போகத்தான் எனக்குப் புரிந்தது.

விடிந்ததும் லத்தியைப் பார்

காலை ஐந்தரைக்கு லாயம் திறக்கிறது. சிறுத்தையும் புலியும் நடமாடுகிற இடம் என்பதால் பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் உள்ளே அடைத்துவிட வேண்டும். காலையில் திறந்ததும் யாரும் தீனி போடுவதில்லை. முதலில் டார்ச் அடித்துத் தரையைப் பார்க்கிறார்கள்.

குதிரை ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை லத்தி போடும். உருண்டை உருண்டையாக, கொஞ்சம் ஈரத்தோடு, கீழே விழுந்தால் உடைகிற பதத்தில் இருக்க வேண்டும். கல் மாதிரி இறுகியிருந்தால் தண்ணீர் குடிக்கவில்லை. முழுத் தானியம் அப்படியே வந்திருந்தால் பல்லில் கோளாறு. லத்தியே இல்லையென்றால் மற்ற வேலை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அந்தக் குதிரையிடம் போக வேண்டும்.

அங்கே எல்லாருக்கும் வாத்தியார், முன்பு சுற்றுலாவில் குதிரை ஓட்டிய ஒரு அண்ணன். முப்பது வருட அனுபவம். முதல் நாள் என்னிடம் சொன்னார்: "மாடு அசை போட்டா நல்லா இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்ங்க. குதிரை அசை போடாது. அதுக்கு லத்திதான் பேச்சு."

அடுத்து தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிறார்கள். 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு வெயில், வேலையைப் பொறுத்து நாளுக்கு 15 முதல் 25 லிட்டர் வேண்டும். பனிக்காலத்தில் தண்ணீர் சில்லென்று இருந்தால் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். காய்ந்த புல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், தண்ணீர் போகாது, குடல் அடைத்துக்கொள்ளும். அதனால் மார்கழி, தை மாதங்களில் காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் வைக்கிறார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இதற்காகவே ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டிவிடுகிறார். டீச்சரம்மா வைத்திருக்கிற நோட்டில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு பக்கம். நின்று ஓய்ந்திருக்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். இதில் மாறினால் சிவப்புப் பேனா.

குதிரை மாடு இல்லை

மாடு வளர்த்துப் பழகிய நமக்கு இதுதான் பெரிய பாடம். மாட்டுக்கு நான்கு அறை வயிறு. விழுங்கியதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து அரைக்கும். குதிரைக்குச் சின்னதாக ஒரே இரைப்பை. நார்ச்சத்தை நொதிக்க வைக்கிற வேலை கடைசியில், பெருங்குடலில்தான் நடக்கிறது. வயிறு நிறையத் தின்றுவிட்டுப் படுத்து அசைபோடும் பிறவி இல்லை அது. ஒரு நாளில் பதினைந்து, பதினாறு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்க வேண்டும். இன்னொன்று, குதிரைக்கு வாந்தி வராது. ஆகாததை விழுங்கினால் வெளியே தள்ள வழியில்லை.

அதனால் மாட்டுக்குப் போடுவதைக் குதிரைக்கும் போடலாம் என்று நினைப்பது ஆபத்து. காப்பகத்தின் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கும் பட்டியலை அப்படியே தருகிறேன். குதிரையோ கழுதையோ வைத்திருக்கிற நம் வாசகர்களுக்கும் உதவும்.

கடையில் வாங்கும் கோழித் தீவனம், கலப்புத் தீவனம் வேண்டாம். சிலவற்றில் மொனென்சின் என்ற மருந்தைக் கலப்பார்கள். கோழியும் மாடும் தாங்கும். குதிரைக்கு இதயம் நின்றுவிடும்.

பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளம் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள நச்சு குதிரையின் மூளையை அழிக்கும்.

சூபாபுல் தழை வேண்டாம். பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டிப் போகும்.

பச்சைச் சோளம் வேண்டாம். இளஞ்சோளம் மாட்டுக்கு ஆகாது என்பது நமக்குத் தெரிந்ததுதான். குதிரைக்குத் தொடர்ந்து போட்டால் மூத்திரப்பை செயலிழந்து பின்னங்கால் தள்ளாடும்.

தவிட்டை மட்டும் நம்பாதே. தவிட்டில் மணிச்சத்து அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. நாள்பட்டால் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கும். முகத்து எலும்பு வீங்கித் தலை பெரிதாகும்.

அரளி, ஆமணக்கு, உண்ணிச்செடி, பெரணி நாலும் வேலிக்குள் இருக்கக் கூடாது.

சரி, எதைப் போடுவது? முக்கால்வாசி நல்ல காய்ந்த புல்தான். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு என்று கணக்கு. 250 கிலோ குதிரைக்கு 5 கிலோ. ஒன்பது குதிரைக்கு நாளுக்கு 45 கிலோ. வருடத்துக்கு 16 டன்னுக்கு மேல். கழுதைகள் தனி.

கொரங்காட்டுக் கொழுக்கட்டைப்புல்லை இவை விரும்பித் தின்கின்றன. ஆனால் அதில் ஆக்சலேட் இருப்பதால் அதை மட்டுமே போட்டாலும் சுண்ணாம்புச் சத்து குறையும். அருகும் மற்ற புல்லும் கலந்து, கூடவே கொஞ்சம் குதிரை மசால் போட வேண்டும். இந்தப் பயிருக்கு நம்மவர்கள் குதிரை மசால் என்று பேர் வைத்ததில் காரணம் இருக்கிறது. கொள்ளைப் பொறுத்தவரை, ஊறவைத்து வேகவைத்து, கைப்பிடி அளவு. "கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடும்" என்ற பழமொழியை இங்கே தினமும் கண்ணால் பார்க்கலாம்.

இரக்கப்பட்டுக் கொல்லாதே

நான் போக ஆரம்பித்த பிறகு வந்த குதிரைகளில் மோசமானது ஒரு சாம்பல் நிறப் பெட்டை. விலா எலும்பை எண்ணலாம். இடுப்பில் தோல் மட்டும். சேணம் உரசி முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். அதைப் பார்த்ததும் நமக்கு என்ன தோன்றும்? ஒரு படி கொள்ளு வேகவைத்து, வெல்லம் போட்டு, வயிறு நிறையக் கொடுக்கத் தோன்றும். எனக்கும் கை பரபரத்தது.

அண்ணன் தடுத்துவிட்டார். மருத்துவரும் அதையே சொன்னார். மாதக்கணக்கில் பட்டினி கிடந்த உடம்புக்குள் மாவுச்சத்தும் சர்க்கரையும் திடீரென்று போனால், இரத்தத்தில் உள்ள தாது உப்புகள் தலைகீழாகி இதயமும் மூச்சும் நின்றுவிடும். பட்டினியில் சாகாத குதிரை, சோறு போட்டதால் சாகும். அதற்கு வைத்தியம், சின்னச் சின்னக் கட்டாகக் குதிரை மசால். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியும் பகலும். அளவை மெல்ல மெல்ல ஏற்றிப் பத்து நாள் கழித்துத்தான் விரும்புகிற அளவுக்குப் புல். தானியத்தை அதற்கப்புறம் நினைக்கலாம்.

அந்தப் பத்து நாளும் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் முறை வைத்துக் கண் விழித்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, ஒரு கிலோவுக்கும் குறைவான தழையை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, அது மென்று முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு வந்து படுக்க வேண்டும். "மீட்டோம், மீட்டோம்னு போன்ல படம் போடுறது ஒரு நிமிசம்ண்ணே. இந்த ரெண்டு மணி புல்லைத்தான் யாரும் படம் எடுக்கிறதில்லை" என்றான் ஒருவன். சாம்பலுக்கு எலும்பின் மேல் சதை மூட ஐந்து மாதம் ஆனது.

காலும் பல்லும்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பார்கள். இங்கே வருகிற ஒவ்வொரு குதிரைக்கும் முதல் நாள் பல்லைத்தான் பார்க்கிறார்கள். குதிரையின் பல் தேயத் தேய ஈறிலிருந்து மேலே வந்துகொண்டே இருக்கும். சரியாகத் தேயாவிட்டால் ஓரத்தில் கத்தி மாதிரி கூர் வைத்துக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். வருடத்துக்கு ஒரு முறையாவது மருத்துவர் வந்து அரத்தால் ராவிவிட வேண்டும். இருபத்தைந்து வயது தாண்டினால் தேய்வதற்குப் பல்லே மிஞ்சாது. கிழவி என்று எல்லாரும் கூப்பிடுகிற பெட்டைக்கு மெல்லவே முடியவில்லை. அதற்கு மட்டும் புல்லைப் பொடியாக நறுக்கி, தண்ணீரில் ஊறவைத்து, கூழ் மாதிரி நாளுக்கு ஐந்து வேளை.

குளம்பு நம் நகம் மாதிரிதான். வளர்ந்துகொண்டே இருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டிச் சீர்செய்ய வேண்டும். தார் ரோட்டில் ஓடாத குதிரைகள் என்பதால் இங்கே பெரும்பாலும் லாடம் அடிப்பதில்லை. தினமும் காலையில் நான்கு காலையும் தூக்கி, வளைந்த கொக்கியால் உள்ளே இருக்கும் மண்ணையும் லத்தியையும் எடுக்க வேண்டும். விட்டால் அழுகி நாறும். ஒன்பது குதிரை, முப்பத்தாறு கால். குனிந்து நிமிர்ந்தால் களை வெட்டிய மாதிரி இடுப்பு கழன்றுவிடும்.

துருப்பிடித்த ஆணி ஒன்று குத்தினாலும் ஆபத்து. வில்வாத ஜன்னி எனப்படும் டெட்டனஸ் குதிரையை எளிதில் பிடிக்கும். வந்தால் பிழைப்பது அரிது. அதனால் தடுப்பூசி கட்டாயம். லத்தியிலும் மண்ணிலும் அந்தக் கிருமி இருக்கும் என்பதால் வேலை செய்கிற நாமும் போட்டிருக்க வேண்டும்.

மழை முடிந்ததும் பெரிய ஈக்கள் வரும். அவை கடித்துப் பரப்புகிற சர்ரா நோயில் காய்ச்சல் விட்டு விட்டு வரும், இரத்தம் குறையும், கால் வீங்கும். வேப்பிலைப் புகை மூட்டம் ஈயை விரட்ட உதவும். நோய் வந்தபின் புகையால் பயனில்லை. இரத்தப் பரிசோதனை செய்து மருந்து போட வேண்டும். புதிதாக வரும் குதிரையை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வைத்து, கிளாண்டர்ஸ் நோய்க்கும் இரத்தம் எடுத்து அனுப்புகிறார்கள். அது மனிதருக்கும் தொற்றும். இருப்பது உறுதியானால் சட்டப்படி அந்தக் குதிரையைக் கருணைக்கொலை செய்தாக வேண்டும். இயற்கை வழி என்று பேசும் நாம், எங்கே மூலிகை போதும், எங்கே மருத்துவர் வேண்டும் என்று பிரித்துத் தெரிந்துகொள்வது நல்லது.

செவலை போன இரவு

போன மார்கழியில் ஒரு நாள் நான் அங்கேயே தங்கினேன். இரவு எட்டு மணிக்குச் செவலைக் குதிரை முன்னங்காலால் தரையைப் பறிக்க ஆரம்பித்தது. திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கும். படுக்கும், எழும், மறுபடி படுத்துப் புரளும். வியர்த்துக் கொட்டியது. மாலையிலிருந்து லத்தி இல்லை. காதை வயிற்றில் வைத்துக் கேட்டால் வழக்கமான கடகட சத்தம் இல்லை.

தீனியை எடுத்துவிட்டு மருத்துவருக்குப் போன் போட்டார்கள். கிராமத்தில் நாம் செய்கிற மாதிரி மூங்கில் குழாயில் எண்ணெயோ கஷாயமோ ஊற்றக் கூடாது என்று டீச்சரம்மா கண்டிப்பாகச் சொன்னார். வலியில் இருக்கிற குதிரைக்கு வாய் வழியாக ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். மருத்துவர்தான் மூக்கு வழியே குழாய் விட்டு ஊற்ற வேண்டும். அவர் மலையேறி வந்து சேரப் பத்தரை ஆனது. ஊசி போட்டார், குழாய் விட்டார், கையை உள்ளே விட்டுப் பார்த்தார். ஊரில் குப்பை தின்ற காலத்தில் உள்ளே போன பிளாஸ்டிக், குடலில் கட்டியாகி அடைத்திருக்கும் என்றார். நாடி 80-ஐத் தாண்டியது. ஈறு கருநீலமானது. வலி மருந்துக்கு அடங்கவில்லை. பக்கத்தில் அறுவை சிகிச்சைக்கு வசதி கிடையாது. வண்டியில் ஏற்றினால் வழியிலேயே துடித்துச் சாகும்.

மூன்று மணிக்கு முடிவு எடுத்தார்கள். செவலையை நாலு வருடம் பார்த்துக்கொண்ட அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டார். மருத்துவர் ஊசி போட்டார். யாரும் எதுவும் பேசவில்லை.

விடிந்ததும் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தோம். அதிலும் ஒரு காரணம் இருக்கிறது. பக்கத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கு, தென்னிந்தியாவில் பாறு கழுகுகள் இன்னும் கூடு கட்டுகிற சில இடங்களில் ஒன்று. மருந்து ஏறிய உடலைத் தின்றால் அவை செத்துவிடும். மாட்டுக்குப் போட்ட டைக்குளோஃபினாக் என்ற வலி மருந்தால்தான் நாடு முழுவதும் அவை அழிந்தன. கால்நடைக்கு அதைப் பயன்படுத்த 2006-ல் தடை வந்தது. இப்போது வலிக்கு, பாறுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகாம் மருந்தையே கேட்டு வாங்குகிறார்கள். நம் மாட்டுக்கு ஊசி போட வருபவரிடமும் இதை நாம் கேட்கலாம்.

லத்தி நம் மண்ணுக்கு

ஒரு குதிரை நாளுக்குச் சுமார் 10 கிலோ லத்தி போடும். ஒன்பதுக்கும் சேர்த்து வருடத்துக்கு 30 டன்னுக்கு மேல். முதலில் அதை அள்ளிப்போட ஆளில்லாமல் வேலி ஓரம் குவித்து வைத்திருந்தார்கள். ஈ மொய்த்தது. இப்போது நாங்கள் மூன்று உழவர்கள் முறை வைத்து எடுத்துப் போகிறோம். புல் ஏற்றிப் போகும் வண்டி லத்தியோடு திரும்புகிறது.

குதிரை லத்தி சூடானது. மாட்டுச் சாணத்தைவிட நார் அதிகம், காற்றோட்டம் அதிகம், சீக்கிரம் கொதிக்கும். மொட்டுக் காளானுக்குக் காலங்காலமாகக் குதிரை லத்தியில்தான் படுக்கை போட்டார்கள். ஆனால் பச்சையாக வயலில் போடாதீர்கள். குதிரை சரியாக அரைக்காத களை விதைகள் அப்படியே உயிரோடு வெளியே வரும். ஆள் இடுப்புயரக் குவியலாகப் போட்டு, ஈரம் காத்து, உள்சூடு 55 டிகிரிக்கு மேல் ஏறியதும் புரட்டிப் புரட்டிப் போட்டால் விதையும் புழு முட்டையும் சாகும். மூன்று நான்கு மாதத்தில் மண் வாசத்தோடு நல்ல தொழுவுரம்.

ஒரு எச்சரிக்கை. ஐவர்மெக்டின் குடற்புழு மருந்து கொடுத்த குதிரையின் லத்தியில் மருந்து மிச்சம் இருக்கும். சாண வண்டு அதில் செத்துப்போகும். மருந்து கொடுத்த பத்து நாள் லத்தியைத் தனிக் குவியலாக வைத்துக் கடைசியில் பயன்படுத்துகிறோம். மருந்தே குறைவாகத் தேவைப்படவும் வழி இருக்கிறது. மேய்ச்சல் இடத்தில் கிடக்கும் லத்தியை வாரம் இரண்டு முறை அள்ளிவிட்டால் புழு முட்டை புல்லில் ஏறாது. குதிரை மேய்ந்த இடத்தில் அடுத்து மாட்டை மேய்த்தால், குதிரைப் புழுவில் பெரும்பாலானவை மாட்டுக்குள் வாழ முடியாமல் அழியும். பயிர்ச் சுழற்சி மாதிரிதான் இதுவும்.

"இடமில்லைங்க"

காப்பகத்தில் எது கஷ்டம் என்று கேட்டேன். ராத்திரி விழிப்பதையோ குழி வெட்டுவதையோ சொல்வார்கள் என்று நினைத்தேன். டீச்சரம்மா சொன்னது: "போன்ல இடமில்லைங்கன்னு சொல்றதுதான் தம்பி."

வாரத்துக்கு இரண்டு மூன்று அழைப்பு வருகிறது. ஒரு குதிரை பதினைந்து வயதில் வேலைக்கு ஆகாமல் போனால், நன்றாகப் பார்த்தால் இன்னும் பத்துப் பதினைந்து வருடம் இருக்கும். ஒன்றுக்குச் சரி என்று சொன்னால், அத்தனை வருடத்துப் புல்லுக்குச் சரி என்று சொன்னதாக அர்த்தம். கையில் இருக்கிற புல்லுக்கு மேல் குதிரை சேர்த்தால், எல்லாமே விலா தெரிய நிற்கும். காப்பகமே இன்னொரு வதைக்கூடம் ஆகும். அதனால் ஒன்பது என்று கோடு போட்டிருக்கிறார்கள்.

பணம் கொடுத்து வாங்குவதும் இல்லை. பாவம் பார்த்து விலை கொடுத்தால், அந்தப் பணத்தில் இன்னொரு குட்டி வாங்கி அதே சேணத்தைப் போடுவார்கள். வண்டி நிற்காது. அதற்காகக் குதிரைக்காரர்களைத் திட்டவும் அண்ணன் விடுவதில்லை. "சீசன் ரெண்டு மாசம். மழை வந்தா வருமானம் இல்லை. புள்ளைக்கு ஃபீஸ் கட்டறதா, குதிரைக்குக் கொள்ளு வாங்கறதா? நானும் அவுத்து விட்டவன்தான்ங்க" என்றார். அவர் இங்கே வந்ததே தன் பழைய குதிரையைத் தேடித்தான். அதுதான் கிழவி.

இதைக் கேட்ட பிறகு எனக்குத் தோன்றியது ஒன்றுதான். வேலை வாங்கும்போதே அந்த உயிரின் முதுமைக்கும் சேர்த்து எடுத்து வைக்காத கணக்கு, பொய்க் கணக்கு. குதிரைக்கு மட்டுமில்லை, நம் தொழுவத்துக்கும் இது பொருந்தும். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் புரவியெடுப்பு விழாவில் மண்குதிரையைத் தோளில் சுமந்துபோய் அய்யனாருக்கு வைக்கிறோம். அந்தியூர் ஆடித் திருவிழாவில் குதிரை பார்க்க ஊரே கூடுகிறது. குதிரையின் மேல் நமக்கு மதிப்பு இருக்கிறது. அது நொண்டுகிற நாளிலும் அந்த மதிப்பு இருக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

குதிரையைப் பார்த்து ஆசைப்பட்டு ஒன்றை மட்டும் பண்ணையில் கொண்டுவந்து கட்டாதீர்கள். அது கூட்டமாக வாழும் உயிர். தனியே கட்டினால் ஏங்கும். இரண்டாவது குதிரையோ கழுதையோ துணை வேண்டும். இருபது வருடப் புல்லும், கூப்பிட்டால் வரும் மருத்துவரும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

ரோட்டில் அடிபட்ட குதிரையைக் கண்டால் கூட்டம் சேர்க்காமல் நிழலும் தண்ணீரும் கொடுத்து, 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சாப்பாடு எதுவும் ஊட்ட வேண்டாம்.

உங்கள் பக்கத்தில் காப்பகம், கோசாலை எது இருந்தாலும் போய்க் கேளுங்கள். பெரும்பாலும் அவர்களுக்குக் காசைவிடப் புல் தேவை. புல் நம்மிடம் இருக்கிறது. களைக்கொல்லி அடிக்காத வரப்புப் புல், கொரங்காட்டுப் புல், தென்னந்தோப்புக்குள் முளைத்த புல். பூ முற்றி விதை உதிர்வதற்கு முன் அறுக்க வேண்டும்; முற்றினால் சத்து போய்விடும். இரண்டு மூன்று வெயிலில் புரட்டிக் காய வைத்து, ஈரம் துளியும் இல்லாமல் கட்ட வேண்டும். ஈரக்கட்டில் பூஞ்சணம் வந்தால் குதிரைக்கு நெஞ்சு அடைக்கும். கட்டைப் பிரித்து உதறும்போது தூசு பறக்காமல், முகர்ந்தால் இனிப்பாக வாசம் வந்தால் அது நல்ல புல்.

தை பிறந்ததும் எங்கள் பக்கத்தில் புல் அறுப்பு தொடங்கும். இந்த வருடம் ஆறு பேர் சேர்ந்து, ஆளுக்கு நூறு கட்டு என்று பேசி வைத்திருக்கிறோம். பத்துப் பேர் சேர்ந்தால் பத்தாவது குதிரைக்குச் சரி என்று சொல்லலாம் என்று டீச்சரம்மா நோட்டில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். பதிலுக்கு லத்தி தருகிறார்கள், வண்டி நிறைய.